மீன்தொட்டி கேஸ் சிலிண்டரின் வால்வு கசிந்தால் என்ன செய்வது?

மீன்தொட்டிக்குள் செடி வளர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் நல்ல விளக்கும் மண்ணும் வாங்குகிறார்கள். செடி எதிர்பார்த்தபடி வளராதபோது செடி வளர உதவும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒன்றை வாங்கித் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். விளக்கைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் சொல்லித்தர நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஆள் உண்டு. அந்தச் சிலிண்டரின் வால்வு ஒருநாள் கசியத் தொடங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. வெளிநாட்டில் பெயிண்ட்பால் விளையாட்டுத் துப்பாக்கிகளுக்காகச் செய்யப்பட்ட சிறு கேஸ் குப்பிகளையும் சிலர் மீன்தொட்டிக்குப் பயன்படுத்துகிறார்கள். அவற்றின் வால்வு வேறு வகையைச் சேர்ந்தது என்பதால் அதைத் தனியாகப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வழிமுறைகளும் ஒரே ஒரு விதியிலிருந்து பிறப்பவை. சிலிண்டரின் கைப்பிடி வால்வை மூடியதும் நின்றுவிடும் கசிவை நீங்களே சரிசெய்யலாம். மூடிய பிறகும் நிற்காத கசிவின் மீது எந்தக் கருவியையும் வைக்கக் கூடாது. வாஷர், நட், டியூப் போன்றவற்றில் வரும் கசிவு முதல் வகை. வால்வின் உடல், அதன் பக்கவாட்டில் இருக்கும் பாதுகாப்புத் தகடு, வால்வு சிலிண்டரின் கழுத்தில் திருகப்பட்டிருக்கும் மரை ஆகியவற்றில் வரும் கசிவு இரண்டாம் வகை. புதியவர்களுக்கு ஆபத்து நேர்வது பெரும்பாலும் இரண்டாம் வகைக் கசிவை முதல் வகை என்று எண்ணி ஸ்பேனரை எடுக்கும்போதுதான்.

ஆபத்து எவ்வளவு?

சமையல் கேஸ் கசிந்தால் நாற்றம் வந்து நம்மை எச்சரிக்கும், ஏனென்றால் அதில் வேண்டுமென்றே நாற்றப் பொருள் சேர்க்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. அது தீப்பிடிக்காது என்பதால் பலரும் அதை ஆபத்தில்லாத கேஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். காற்றைவிட அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்ததும் தரையோடு படரும், பள்ளமான இடத்தில் தேங்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். சிலிண்டருக்குள் இருக்கும் 1 கிலோ திரவம் நம் ஊர் வெப்பநிலையில் வெளியே வந்தால் ஏறத்தாழ 560 லிட்டர் வாயுவாகும். எனவே 2 கிலோ சிலிண்டர் முழுவதும் வெளியேறினால் 1,100 லிட்டருக்கு மேல் வாயு கிடைக்கும். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்றால், அந்த அறையின் மொத்தக் காற்று சுமார் 28,300 லிட்டர். கதவும் சன்னலும் அடைத்திருந்தால் அறைக் காற்றில் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு ஆகிவிடும். அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுத்திருக்கும் அளவும் இதே 4 சதவீதம்தான். எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்துக்கு அங்கே அனுமதிக்கப்படும் அளவு 0.5 சதவீதம். இந்த 4 சதவீதமும் அறை முழுக்கச் சீராகக் கலந்தால் வரும் கணக்குதான். குளிர்ந்த வாயு முதலில் தரைமட்டத்தில் படர்வதால், பாய் விரித்துக் கீழே படுத்திருப்பவருக்கும், தவழும் குழந்தைக்கும், நாய் பூனைக்கும் அதைவிட அதிகமாகவே எட்டும்.

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் சாரலுக்காகவும், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றுக்காகவும், ஐப்பசியில் மறுபடி மழைக்காகவும் சன்னல்களை அடைத்தே வைத்திருக்கிறோம். பழைய ஓட்டு வீட்டில் ஓட்டிடுக்கு வழியாகக் கொஞ்சமாவது காற்று நடமாடும். ஏசி போட்ட வார்ப்பு அறையில் அதற்கும் வழி இல்லை. ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. ஆகையால் படுக்கையறையில் சிலிண்டர் வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. முன்னறையோ, காற்றோட்டமுள்ள வராந்தாவை ஒட்டிய இடமோ போதும்.

முதல் சில நிமிடங்கள்

கசிவு மூன்று விதத்தில் தெரியவரும். ஒன்று, உஸ்ஸென்ற ஓசை. இரண்டு, வால்வைச் சுற்றி வெள்ளையாகப் படியும் உறைபனி. மூன்று, அறைக்குள் இருப்பவர்களுக்குக் காரணமில்லாமல் வரும் தலைவலி, மூச்சிரைப்பு, படபடப்பு, வியர்வை, தலைச்சுற்றல். மூன்றாவது அறிகுறி தெரிந்தால் சிலிண்டரைத் தேடிப் போகாதீர்கள். முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள்.

எந்தக் கேஸ் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், குறிப்பாக அடுக்களை பக்கத்தில் இருந்து ஏதாவது நாற்றமும் வந்தால், அதைச் சமையல் கேஸ் என்றே கருதி மின் சுவிட்சு எதையும் தொடாமல் வெளியேறுங்கள். கார்பன் டை ஆக்சைடுதான் என்பது நிச்சயம் என்றால் மட்டும் கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு மின்விசிறியைப் போடலாம். ஆனால் சன்னலை அடைத்து வைத்துக்கொண்டு மின்விசிறியைப் போடுவது வாயுவை அறை முழுக்கக் கலக்கிவிடுவதில்தான் முடியும். கதவு முதலில், விசிறி பிறகு என்பதே வரிசை.

ஓசை மெல்லியதாக இருந்து, நீங்கள் தெளிவாக இருந்தால், மூச்சைச் சற்று அடக்கியபடி போய்ச் சிலிண்டரின் கைப்பிடியை வலப்பக்கமாகத் திருகி மூடுங்கள். கையால் மூடும் அளவுக்குத்தான் மூட வேண்டும். ஸ்பேனரால் இறுக்கினால் உள்ளே இருக்கும் அடைப்பு நசுங்கி, மூடவே முடியாத வால்வாகிவிடும். உறைபனி படிந்த உலோகத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். வெளியேறும் திரவம் உறைந்து உண்டாகும் உலர்பனியின் வெப்பநிலை கழித்தல் 78.5 டிகிரி செல்சியஸ். அது தோலில் பட்டால் தீக்காயத்தைப் போலவே கொப்புளம் வரும். தடித்த உலர்ந்த துணியோ, தோல் கையுறையோ வேண்டும். ஈரத்துணி ஒட்டிக்கொள்ளும்.

ஓசை பெரியதாக, வெடித்தது போலத் தொடங்கி இரைச்சலாக வந்தால், பாதுகாப்புத் தகடு கிழிந்துவிட்டது என்று பொருள். உள்ளழுத்தம் அளவுமீறும்போது சிலிண்டரே வெடிக்காமல் காப்பதற்காக வைக்கப்பட்ட மெல்லிய தகடு அது. கிழிந்தால் சிலிண்டர் முழுவதும் காலியாகும்வரை வாயு வெளியேறும். எந்தக் கைப்பிடியாலும் அதை நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஆட்களோடு வெளியேறிக் கதவைத் திறந்தே வைப்பதுதான். வெண்புகை போலத் தெரிவது தரையோடு வழிந்து வரும், அதற்குள் குனியாதீர்கள்.

உள்ளே யாராவது மயங்கிக் கிடந்தால் நேராக ஓடிப்போய்த் தூக்கும் எண்ணம் வரும். தேங்கிய வாயுவுக்குள் மீட்கப் போனவரும் விழுந்துவிடுவதே இத்தகைய விபத்துகளில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. வெளியிலிருந்தே சன்னலைத் திறங்கள், தேவைப்பட்டால் கண்ணாடியை உடையுங்கள், 112 அல்லது தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 என்று அழையுங்கள். மெழுகுவர்த்தியை ஏற்றித் தரையருகே நீட்டிச் சோதிக்கும் பழைய வழக்கத்தை நம்ப வேண்டாம். சுடர் அணையும் அளவுக்கு வாயு சேரும் முன்பே மனிதருக்கு ஆபத்தான அளவு கடந்துபோயிருக்கும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

வால்வை மூடியாயிற்று, ஓசை நின்றது, அறையில் காற்றோட்டம் வந்தது என்றால், சிலிண்டரை நிமிர்ந்த நிலையிலேயே வராந்தாவுக்கோ முற்றத்துக்கோ கொண்டுபோய் அங்கே வைத்துச் சோதியுங்கள். வால்வைப் பிடித்துத் தூக்காமல் உடலைப் பிடித்துத் தூக்க வேண்டும்.

ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவச் சோப்பும் கலந்து, சிறு பிரஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். முதல் சுற்றை வால்வு மூடிய நிலையிலேயே செய்ய வேண்டும். வால்வின் வாய், பாதுகாப்புத் தகட்டின் மூடி, வால்வு சிலிண்டருக்குள் நுழையும் கழுத்து ஆகிய மூன்று இடங்களிலும் தடவிச் சில நிமிடம் காத்திருங்கள். கழுத்தில் வரும் மெல்லிய கசிவு பெரிய குமிழாக வராது. வெள்ளை நுரை ஒரு கோடு போல மெதுவாகக் கூடிவரும். அதைக் காண நல்ல வெளிச்சமும் பொறுமையும் வேண்டும். இந்த மூன்றில் ஒன்றில் நுரை வந்தாலும் சோதனை அங்கேயே முடிந்தது. அது இரண்டாம் வகைக் கசிவு.

மூன்றும் சுத்தமாக இருந்தால் வால்வைக் கால் சுற்று மட்டும், மெதுவாகத் திறங்கள். திறக்கும்போது, வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரின் மீட்டர் கண்ணாடிக்கு நேர் எதிரே முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். இப்போது ரெகுலேட்டரைச் சிலிண்டரோடு இணைக்கும் பெரிய நட், கைப்பிடியின் தண்டு, சோலனாய்டு (மின்சாரம் இருக்கும்போது மட்டும் வாயுவுக்கு வழிவிடும் வால்வு), நீடில் வால்வு (வாயுவின் அளவை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் வால்வு), பபிள் கவுண்டர் (குமிழ்களை எண்ண உதவும் சிறு குடுவை) என்று வரிசையாகத் தடவிப் பாருங்கள். சோலனாய்டில் தடவும்போது அதன் பிளக்கைக் கழற்றியிருக்க வேண்டும்; அதைத் துடைத்து உலர்த்திப் பிளக்கை மாட்டிய பிறகே நீடில் வால்வையும் பபிள் கவுண்டரையும் சோதியுங்கள். முடிந்ததும் சோப்பை ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள்; பித்தளையில் அது காய்ந்து படிவது நல்லதல்ல.

மீட்டரைப் பார்த்துக் கசிவு இல்லை என்று முடிவுசெய்வது புதியவர்களிடம் நான் அடிக்கடி காணும் தவறு. சிலிண்டருக்குள் சிறிதளவு திரவம் இருக்கும்வரை மீட்டரின் முள் இறங்காது. அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், எவ்வளவு மீதி இருக்கிறது என்பதல்ல. பாதி கசிந்து போயிருந்தாலும் முள் அதே இடத்தில் நிற்கும். மாறாக, வெளிநாட்டுக் குறிப்புகளில் அழுத்தம் 800 பி.எஸ்.ஐ. என்று படித்துவிட்டுத் தன் வீட்டு மீட்டர் 1,000-ஐக் காட்டுகிறதே என்று பயப்படவும் தேவையில்லை. 20 டிகிரியில் சுமார் 57 பார், அதாவது 830 பி.எஸ்.ஐ. காட்டும் சிலிண்டர், நம் அறைகளின் 30 டிகிரியில் சுமார் 72 பார், அதாவது 1,040 பி.எஸ்.ஐ. காட்டுவது இயல்பு.

மீதியை அறிய எடை போட வேண்டும். வெற்றுச் சிலிண்டரின் எடை அதன் தோள்பட்டையில் பொறிக்கப்பட்டிருக்கும். பெட்டி தூக்கிப் பார்க்கும் சிறு டிஜிட்டல் தராசு இதற்குப் போதும். நிரப்பிய நாளின் எடையையும், பிறகு வாரம் ஒருமுறை போடும் எடையையும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். வீட்டுத் தொட்டிக்கு வினாடிக்கு ஒன்றிரண்டு குமிழ் விடும்போது நாளொன்றுக்குச் செலவாவது சில கிராம்தான். 2 கிலோ சிலிண்டர் பல மாதம் வர வேண்டும். சில வாரத்தில் தீர்ந்தால் எங்கோ கசிகிறது.

மெல்லிய கசிவுக்கு இன்னொரு சோதனையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இரவில் சோலனாய்டை அணைத்து, நீடில் வால்வையும் மூடி, பிறகு சிலிண்டர் வால்வை மூடிவிடுங்கள். இப்போது ரெகுலேட்டருக்குள் அடைபட்டிருப்பது மிகச் சிறிதளவு வாயு மட்டுமே. அப்போதைய மீட்டர் அளவைக் குறித்துவைத்து, காலையில் பாருங்கள். இரவுக் குளிருக்காக முள் சற்றே இறங்கலாம். பாதிக்கும் கீழே வந்திருந்தால் இணைப்பு நட்டுக்கும் நீடில் வால்வுக்கும் இடையே கசிவு உறுதி.

நீங்களே செய்யக்கூடிய பழுது

இணைப்பு நட்டில் கசிவு என்றால் பெரும்பாலும் வாஷர்தான் காரணம். தக்கலையில் ஒரு நண்பர் வீட்டுச் சிலிண்டரில் கசிவு என்று பார்க்கப் போனபோது, நட்டைக் கழற்றியதும் வெள்ளை நைலான் வாஷர் வெளியே வந்தது. ஒருபக்கம் தாள் போல மெலிந்து, மறுபக்கம் தடித்து, நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. கசிகிறது என்று ஒவ்வொரு முறையும் ஸ்பேனரை இன்னும் கொஞ்சம் இறுக்கியதால் வந்த விளைவு அது. புதிய வாஷரைப் போட்டு அளவாக முடுக்கியதும் சோப்புத் தண்ணீரில் ஒரு குமிழ்கூட வரவில்லை.

வாஷரை மாற்றும் முறையைச் சொல்கிறேன். சிலிண்டர் வால்வை மூடுங்கள். சோலனாய்டைப் போட்டு, நீடில் வால்வைத் திறந்து ரெகுலேட்டரில் இருக்கும் வாயுவை வெளியேற்றுங்கள். இரண்டு மீட்டர்களும் பூஜ்யத்துக்கு வரும்வரை நட்டைத் தொடக் கூடாது. அளவு பொருந்தும் ஸ்பேனரால் நட்டைக் கழற்றுங்கள். பழைய வாஷரை எடுத்துவிட்டு, அது அமரும் இரண்டு முகங்களையும் பருத்தித் துணியால் துடைத்து, கீறலோ மணலோ இருக்கிறதா என்று பாருங்கள். புதிய வாஷரை வைத்து நட்டை முதலில் கையால் முழுவதும் திருகி, பிறகு ஸ்பேனரால் உறுதியாக, ஆனால் உடல் எடையைப் போடாமல் முடுக்குங்கள். பிளம்பர் சுற்றும் வெள்ளை டேப்பை இந்த மரையில் சுற்ற வேண்டாம். இங்கே அடைப்பைத் தருவது மரையல்ல, வாஷரின் தட்டையான முகம். டேப் இடையில் புகுந்தால் நட் சரியாக அமராது, அதன் துணுக்குகள் நீடில் வால்வுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

கையால் திருகும்போதே நட் பாதியில் முரண்டு பிடித்தால் உடனே நிறுத்துங்கள். மீன்தொட்டிக்கென்று இறக்குமதியாகும் ரெகுலேட்டர்களில் 21.8 மில்லிமீட்டர் மரை கொண்டவையும் உண்டு, அமெரிக்க அளவான ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் மரை கொண்டவையும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஒன்றை மற்றொன்றில் வலுக்கட்டாயமாக ஏற்றினால் மரை அழிந்து, 70 பார் அழுத்தத்தில் ரெகுலேட்டர் தெறித்துப் போகும்.

டியூபில் கசிவு என்றால் மாற்றிவிடுவதே சரி. காற்றுப் பம்புக்குப் போடும் மென்மையான சிலிகான் டியூபின் சுவர் வழியாகவே கார்பன் டை ஆக்சைடு ஊடுருவிப் போகும். ஆகவே அது புதிதாக இருந்தாலும் இதற்கு ஆகாது. பாலியூரித்தேனால் ஆன பி.யூ. டியூப் போடுங்கள். முதல் விதிக்கு ஒரு விலக்கு உண்டு: கைப்பிடித் தண்டைச் சுற்றிக் குமிழ் வந்தால், மூடியதும் அது நின்றாலும், வால்வை மூடிவிட்டு நிரப்பும் இடத்தில் கொடுங்கள். அங்குள்ள நட்டை வீட்டில் முடுக்க வேண்டாம்.

நிற்காத கசிவு

வால்வை மூடியும் கசிகிறது, ஆனால் மெதுவாகத்தான் கசிகிறது என்றால், அவசரத்துக்கு இடமில்லை. சிலிண்டரை வெளியே கொண்டுபோய் நிழலில் நிமிர்த்தி வைத்து, ஒரு தூணோடு கயிறால் கட்டி, தானாகக் காலியாக விட்டுவிடுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று வால்வை முழுவதும் திறக்காதீர்கள். பாய்ந்து வரும் வாயுவின் எதிர்விசை சிலிண்டரைத் தள்ளிவிடும், உள்ளே உலர்பனி உறைந்து அடைத்து, சற்று நேரம் கழித்துத் திடீரென்று விடுபடவும் செய்யும்.

வைக்கும் இடத்தில் கவனம் வேண்டும். நம் வீடுகளில் பின்பக்கம் கிணறு இருக்கும். கிணற்றடியில் வைத்தால் கனமான வாயு கிணற்றுக்குள் இறங்கித் தேங்கும். அடுத்த நாள் தூர் வாரவோ மோட்டார் பார்க்கவோ இறங்குபவருக்கு அது உயிர்ப்பொறி. அதேபோல் செப்டிக் டேங்க் குழி, தாழ்வான கார் ஷெட், படிக்கட்டுக்கு அடியில் உள்ள மூலை எதுவும் ஆகாது. திறந்த வெளி, நிழல், குழந்தைகள் வராத இடம், பள்ளமில்லாத தரை ஆகிய நான்கும் சேர்ந்த இடம் வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு: 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம், வாயு என்ற பிரிவே மறைந்து அழுத்தம் விரைவாக ஏறும். முழுதாக நிரப்பிய சிலிண்டர் 50 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் அறையில் இருந்ததைப் போல ஏறத்தாழ இருமடங்காகும். கசியும் சிலிண்டரைக் காரில் போட்டு நிரப்பும் இடத்துக்கு எடுத்துச் செல்வது இதைவிட மோசம். சிறிய காரின் உட்புறம் அறையைவிடப் பலமடங்கு சிறியது, ஓட்டுபவருக்குத் தலைசுற்றினால் சாலையில் போகிறவர்களுக்கும் ஆபத்து.

ஓசை முற்றிலும் நின்று, உறைபனி கரைந்து, சிலிண்டர் சாதாரணச் சூட்டுக்கு வந்த பிறகு வால்வை மூடியே வையுங்கள். திறந்து கிடந்தால் நம் ஊரின் ஈரக்காற்று உள்ளே புகும். ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். உறைபனியைக் கரைக்க வெந்நீர் ஊற்றுவது, தீயில் காட்டுவது இரண்டும் கூடாது.

பெயிண்ட்பால் குப்பி வைத்திருப்பவர்களுக்கு

இந்தக் குப்பிகளில் கைப்பிடி வால்வு கிடையாது. வாயில் ஒரு சிறு ஊசி இருக்கும். குப்பியை ரெகுலேட்டரோடு இணைக்கும் அடாப்டரில் திருகும்போது அந்த ஊசி உள்ளே அழுந்தி வழி திறக்கும், கழற்றும்போது தானே வெளியே வந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே மேலே சொன்ன விதி இங்கே வேறு வடிவம் எடுக்கிறது. அடாப்டரில் இருக்கும்போது மட்டும் கசிந்து, கழற்றியதும் நிற்கிறது என்றால் வாயில் உள்ள ஓ-ரிங் என்னும் அடைப்பு வளையம் கெட்டுவிட்டது. அதை நகத்தாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ எடுத்து, பாலியூரித்தேன் ஓ-ரிங் ஒன்றைப் போட்டால் போதும். இந்த உயரழுத்தத்தில் சாதாரணக் கறுப்பு ரப்பர் ரிங் வாயுவை உறிஞ்சி ஊதிக் கிழிந்துவிடும். கழற்றிய பிறகும் ஊசி வழியாகக் கசிந்தால் திருகாணிக்கருவியால் ஊசியைக் குத்திப் பார்க்காதீர்கள். வெளியே நிழலில் வைத்துக் காலியாக விடுங்கள்.

இவற்றில் எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது கழுத்து மரையைத்தான். அடாப்டரிலிருந்து குப்பியைக் கழற்றும்போது, அடாப்டருக்கும் வால்வுக்கும் இடையே உள்ள மரை இறுகிப் போயிருந்தால், வால்வு அங்கேயே நின்றுவிட, குப்பி மட்டும் வால்விலிருந்து கழன்று வரத் தொடங்கும். கடைசி மரை விடும்போது குப்பி ராக்கெட் போலப் பாயும். அமெரிக்காவில் இப்படி உயிரிழப்புகளே நேர்ந்திருக்கின்றன. தடுக்கும் வழி எளிது. குப்பி வாங்கிய அன்றே வால்வின் உடலிலிருந்து குப்பியின் தோள்வரை சேர்த்து நகப்பூச்சால் ஒரே கோடு போடுங்கள். கழற்றும்போது அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்து விலகுவது தெரிந்தால் அந்தக் கணமே கையை எடுங்கள். திருப்பித் திருகிச் சரிசெய்ய முயலாதீர்கள். குப்பியின் அடிப்பக்கத்துக்கும் வால்வுக்கும் நேர்க்கோட்டில் நிற்காமல் விலகி, அடாப்டரில் பொருத்தியபடியே வைத்து, நீடில் வால்வு வழியாக மெதுவாக வாயு தீரும்வரை காத்திருங்கள்; சன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

தொட்டியில் இருக்கும் மீன்கள்

சிலிண்டர் தீரும் தறுவாயில் சில எளிய ரெகுலேட்டர்கள் கட்டுப்பாட்டை இழந்து ஒரேயடியாக வாயுவைத் தொட்டிக்குள் தள்ளிவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், தண்ணீரில் உள்ள வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் மஞ்சளாக மாறியிருந்தால், வால்வை மூடி, காற்றுப் பம்பைப் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மனிதர்களைக் கவனித்த பிறகே மீன்களைக் கவனிக்க வேண்டும்.

பராமரிப்பும் நிரப்புதலும்

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் சிலிண்டரின் அடிப்பகுதியை அடிக்கடி தூக்கிப் பாருங்கள். தொட்டியிலிருந்து சிந்தும் தண்ணீரும் உப்புக்காற்றும் சேர்ந்து அடிவளையத்தைத்தான் முதலில் தின்னும். வெறும் தரையில் வைக்காமல் ஒரு பலகைத் துண்டின்மேல் வைத்து, விழாதபடி அலமாரிச் சுவரோடு பட்டையால் கட்டுங்கள். படுத்துக் கிடந்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிடும். அலமாரியின் கீழ்ப்பகுதியில் இரண்டு துளை போட்டு வைத்தால் சிறு கசிவு உள்ளேயே தேங்காது.

பழைய கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை மலிவாக வாங்கி இதற்குப் பயன்படுத்த எண்ணுபவர்கள் உண்டு. அதற்குள் அடிவரை செல்லும் குழாய் இருப்பதால் வாயுவுக்குப் பதில் திரவமே வெளியே வரும். ரெகுலேட்டருக்கு அது ஆகவே ஆகாது. சோடா தயாரிக்கும் இடத்து ஆளுயரச் சிலிண்டரைக் கவிழ்த்துச் சிறு சிலிண்டரில் பிடித்துத் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். உரிமம் இல்லாத இடத்தில் நிரப்புவது 2016-ஆம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகளுக்குப் புறம்பானது. அளவுமீறி நிரப்பிய சிலிண்டர்தான் மதிய வெயிலில் பாதுகாப்புத் தகட்டைக் கிழிக்கிறது.

நிரப்பக் கொடுக்கும்போது சிலிண்டரில் பொறித்திருக்கும் நீரழுத்தச் சோதனைத் தேதியைப் பாருங்கள்; இரும்புச் சிலிண்டருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சோதனை தேவை. கசிவு இருந்தது என்றால் எந்த இடத்தில் இருந்தது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கைப்பிடியில் கட்டிக் கொடுங்கள், வாய்ச்சொல் கைமாறும்போது மறந்துபோகும். எடுத்துவர இரயில் ஆகாது, கேஸ் சிலிண்டரை அதில் கொண்டுபோக அனுமதி இல்லை. காரில் என்றால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, நிமிர்த்திக் கட்டி, வழியில் எங்கும் வெயிலில் நிறுத்தாமல் நேராக வீட்டுக்கு வாருங்கள். நிரப்பிய இடத்தை விட்டுக் கிளம்பும் முன்பே எடை போட்டு, வால்வின் வாயிலும் கழுத்திலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, குமிழ் வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.